எமிகோ அண்ணி மூடிய தொட்டி

எங்கள் பவளத்தீவில் எமிகோ அண்ணியைச் சீண்டாத ஆள் கிடையாது. மின்னல் வெட்டினால்கூட ஓடிப்போய் மழைத்தண்ணீர்த் தொட்டியை மூடிவிடுவார். "நிலா வந்தா அடுப்பையும் மூடுவீங்களா அண்ணி?" என்று நானே கேட்டிருக்கிறேன். அந்த வாயில் இப்போது நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில், அண்ணிக்குப் பன்னிரண்டு வயதில், வெள்ளைக்காரன் பக்கத்துத் தீவில் அணுகுண்டை வெடிக்க வைத்தான். விடிவதற்குள் மேற்கே ஒரு சூரியன். பிறகு வெள்ளைத் தூள் கொட்டியது. பிள்ளைகள் அள்ளி விளையாடினார்கள். திறந்து கிடந்த தொட்டியில் தண்ணீர் மஞ்சளானது, அதையே குடித்தார்கள். அண்ணியின் கழுத்தில் அறுவைத் தழும்பு இருக்கிறது. பெற்ற மூன்றில் ஒன்றும் தங்கவில்லை. எங்களை வேறு தீவுக்குக் கொண்டுபோய், மூன்று வருடம் கழித்து, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

எழுபத்தைந்தாம் வருடம் மூன்று மாதமாக மழையில்லை. இளநீரும் வற்றிய நேரம். வருடா வருடம் எங்களைச் சோதிக்க வரும் டாக்டரின் கப்பல் ஒரு நாள் வந்து நின்றது. தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம்; மேகம் கூடுகிறதே என்று அதைத் திறந்து போட்டிருந்தோம். பொழுது சாய்ந்து இருட்டியதும் பச்சை நெருப்பு ஒன்று வானத்தின் குறுக்கே எரிந்துகொண்டே போனது. மணலில் நண்டு ஓடுவதுகூடத் தெரிந்தது. பின்னாலேயே ஒரு முழக்கம். அண்ணி தொட்டியை மூடி, மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தரும் குடிக்கக் கூடாது!"

பிள்ளைகள் தாகத்தில் அழுதார்கள். ஊரே திட்டியது. விடியும்வரை அவர் இறங்கவில்லை.

காலையில் டாக்டர் கப்பலிலிருந்து படகில் கரைக்கு வந்தான். எங்கள் பாஷை பேசத் தெரிந்தவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"அது எரிகல்லும்மா. வானத்துல இருந்து விழுற வெறுங்கல்லு. தண்ணிக்கு ஒண்ணும் ஆகல, தாராளமா குடிங்க."

அண்ணி இறங்கி ஒரு குவளை மொண்டு நீட்டினார். "அப்ப முதல்ல நீங்க குடிங்க."

அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "எங்களுக்கு உத்தரவும்மா. இந்தத் தீவுத் தண்ணி, தேங்கா எதையும் தொடக் கூடாது."

"நேத்து விழுந்த கல்லாலயா?"

"இல்ல. எப்பவுமே அப்படித்தான்."

திரும்பி வந்த பதினெட்டு வருடமும் அதைத்தானே குடித்தோம்! ஒவ்வொரு வருடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, குடியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தானே போனான், படுபாவி!

அண்ணி குவளைத் தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினார். நேரே நடந்து அவனுடைய படகில் ஏறி உட்கார்ந்தார்.

"கப்பல்ல நீங்க குடிக்கிற தண்ணிய இறக்குங்கய்யா. அதுவரைக்கும் இந்தப் படகு நகராது."

முதலில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்தான்.