டீத்தண்ணியில் ஏற்றிய வயசு

லென்ஸ்காரர் தன் அக்கா புருஷனிடம் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். மூணாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் சொந்தமாக வாட்ச் கடை வைக்க வாங்கிய பணம். திருப்பிக் கொடுக்கப் போன அன்று, மாமா பணத்தைப் புறங்கையால் தள்ளினார். வீட்டுக்கு வந்திருந்தவர்கள் காதுபடச் சொன்னார்: "நீயே வச்சுக்கடா. பிச்சை போட்டதா நெனச்சுக்கறேன்."

அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

இன்றைக்கு லென்ஸ்காரர் கண்ணில் லென்ஸை மாட்டி, வாட்சைப் பார்த்து வாயைத் திறக்கும்வரை பெரிய பெரிய பணக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பழைய வாட்சில் டயல் நிறம் தானாகப் பழுத்தது எது, புகை போட்டுப் பழுக்கவைத்தது எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். யார் கற்றுக் கொடுத்தது? ஒருத்தரும் இல்லை. கடை வைத்த புதிதில் டயலுக்கு டீத்தண்ணி பூசி, அடுப்பில் வாட்டி, வயசேற்றி, அரிய பழசென்று கூடுதல் விலைக்கு விற்றவர் அவர். பாம்பின் கால் பாம்பறியும்.

ஒருநாள் மாமா அக்காவோடு வந்தார். தொழில் படுத்து, வீடு ஏலத்துக்கு வந்திருந்தது. மேசைமேல் ஒரு வாட்சை வைத்தார்.

"பத்து லட்சம் போகும் மாப்ளே. அன்னைக்கே புரோக்கர்கிட்ட நாலு லட்சம் குடுத்து வாங்கினேன். உன்கிட்ட வாங்கியிருந்தா தலையில மொளகா அரைச்சிருப்பியே!" என்று சிரிக்கவும் செய்தார். 'டா' போய் 'மாப்ளே' வந்திருந்ததை லென்ஸ்காரர் கவனித்துக்கொண்டார்.

லென்ஸைக் கண்ணில் ஏற்றினார். டயலில் மணி எண்களுக்குப் பதில் தேன் நிறப் புள்ளிகள். நாலு மணிப் புள்ளியில் மட்டும் சாயம் ஒரு பொட்டு தடித்திருந்தது. இடதுகைக்காரரான அவர் பிரஷ்ஷைத் தூக்கும் இடம் அது. லென்ஸ்காரரின் சொந்தக் கைவேலையேதான், அன்று அந்தப் புரோக்கரிடம் தள்ளிவிட்டவரும் அவரேதான்.

அதைச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? வாட்ச் முள்ளின் மேல் இருட்டில் ஒளிரப் பூசியிருந்த ரேடியத்தை ஊசியால் கீறினார். உள்ளே சுண்ணாம்பு வெள்ளை.

"நெஜமா வயசானா உள்ளவரைக்கும் பழுத்திருக்கும் மாமா. இது மேலாக்க மட்டும் கெழடு. டீத்தண்ணி."

"டீத்தண்ணியா?"

"சர்க்கரை சரியா இருக்கான்னு நக்கிப் பாருங்களேன்."

கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவின் காது சிவந்தது.

"தம்பி, வீடு போயிடும்டா," என்றாள் அக்கா.

"நான் என்னக்கா பண்ண? உள்ள இருக்கிற மெஷினுக்குப் பதினஞ்சாயிரம் போட்டாலே அதிகம். சொந்தமாச்சேன்னு நாப்பது தரேன்."

"நாப்பதாயிரமா? அதை வச்சு என்னத்தப் பண்ணுவேன் மாப்ளே?"

"பிச்சைன்னா அப்படித்தான் மாமா, அளவாத்தான் விழும். கையை நீட்டுங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். கை மெல்ல மேசைக்கு மேலே வந்தது.

கட்டாக எடுத்துக் கொடுத்திருக்கலாம். லென்ஸ்காரர் பெட்டியைத் துழாவிச் சின்ன நோட்டுகளாகப் பொறுக்கினார். விரலை எச்சிலில் தொட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி உரக்க எண்ணி, விரித்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்.