கொடியில் இரண்டே துணி

என் மகளுக்கு வந்த நோயின் முதல் அறிகுறி, அவள் அழாமல் இருந்தது. அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பிறந்த நான்காம் நாள், "பாப்பா நேற்றிலிருந்து அழவே இல்லை. எல்லாம் அணைத்து வளர்ப்பதன் மகிமை" என்று வாட்ஸாப் குழுவில் படத்தோடு போட்டேன். வரிசையாக இதயங்கள் வந்து விழுந்தன.

இதைப் படிக்கும் நீங்கள் கைக்குழந்தைக்காரி என்றால், என்னைத் திட்டிக்கொண்டாவது முழுதாகப் படியுங்கள். நானே என்னைத் திட்டி முடித்தபாடில்லை.

பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் பார்த்த அடுக்ககத்தில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. நானும் கணவர் சரவணனும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். அதிலும் நான் டெஸ்டர். அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். இரு வீட்டிலும் கூட வந்து இருக்க ஆளில்லை. அதனால் என்ன, படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கர்ப்பமான நாளிலிருந்து படித்தேன்.

டயப்பர் கிடையாது, பழைய வேட்டியைக் கிழித்த துணிதான். தொட்டில் கிடையாது, நாள் முழுக்க நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். புட்டிப்பால் என்ற பேச்சே கிடையாது. கேட்டால் பால், கேட்காவிட்டால் எழுப்பக் கூடாது. பிரசவ வார்டில் ஒரு நர்ஸ், "தூங்கினாலும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பிக் குடுங்கம்மா" என்றார். "குழந்தைக்குத் தெரியும் சிஸ்டர்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை. பாப்பாவின் முகத்தில் லேசாக மஞ்சள் தெரிந்தது. இளவெயில் பட்டால் சரியாகிவிடும் என்று அவளைக் கட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் துணி துவைக்க வரும் மல்லிகா அக்கா குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, பாப்பா துணியெல்லாம் எங்க போட்டு வெச்சிகீற?"

"பக்கெட்லதான் இருக்குக்கா."

"பக்கெட்ல ரெண்டுதான் கீது."

"அவ்ளோதான்க்கா. சமத்து. ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் ஒரு துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தார். நடுவில் செங்கல்பொடி நிறத்தில் ஒரு கறை.

"மூணு புள்ள பெத்தவ நானு. அஞ்சாம் நாளுன்னா தொவச்சித் தொவச்சி இடுப்பு ஒடியும். நேத்து மூணு, இன்னிக்கு ரெண்டு. இதுவா சமத்து? மொதல்ல புள்ளைய எழுப்பு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தூங்குற குழந்தைய எழுப்பக் கூடாதுக்கா."

"யாரு சொன்னா? போன்ல சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினார். பாப்பா நெற்றியை மட்டும் சுருக்கினாள். மறுபடியும் சுண்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"அய்யோ, நாக்கு காஞ்சி கீது பாரு! கெளம்பு, கெளம்பு. பேந்தப் பேந்த முழிச்சிகினு கீறியே!"

பாப்பாவைக் கட்டியிருந்தபடியே கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஈரக்கையோடு அவரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஆவடியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் வாசல்வரை அவர் பாப்பாவின் காலைச் சுண்டுவதை நிறுத்தவில்லை.

பிறக்கும்போது மூன்று கிலோ நூறு கிராம் இருந்தவள், எடைத் தட்டில் இரண்டு அறுநூறு காட்டினாள். ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து, உடம்பில் நீர் வற்றினால் இது ஏறும்) மிக அதிகம். பிலிருபினும் (பழைய ரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள், எல்லை மீறினால் மூளையைத் தாக்கும்) அதிகம். செங்கல் நிறக் கறை ரத்தம் இல்லையாம். நீரில்லாமல் சிறுநீரில் படிந்த யூரேட் (சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவு உப்பு) என்றார்கள்.

"பிழைச்சிருவாளா டாக்டர்?" என்று சரவணன் கேட்டார். அலுவலகத்திலிருந்து ஓடி வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பிழைக்க வைக்கணும்னுதான் பார்க்கிறோம். உப்பை மெதுவாத்தான் இறக்கணும். அவசரப்பட்டா வலிப்பு வரும்" என்றார் மருத்துவர். பிறகு என்னிடம், "கேட்கும்போது கொடுங்கன்னு சொல்றது சரிதான்மா. ஆனா கேட்கறதுக்குத் தெம்பு வேணும் இல்லையா? பால் கம்மியா போனா தூக்கம். தூங்கினா இன்னும் கம்மி. கடைசில அழக்கூட முடியாது. நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க. யார் கவனிச்சது?" என்று கேட்டார்.

"துணி துவைக்கிற அக்கா" என்றேன்.

என் பால் வரும்வரை கொஞ்சம் பவுடர் பால் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். எட்டு மாதம் நான் யார் யாரிடமோ சண்டை போட்ட விஷயம் அது. "குடுங்க டாக்டர், எது வேணா குடுங்க" என்றேன். அவளைக் கண்கட்டி, நீல விளக்கின் (மஞ்சளைக் கரைக்கும் ஒளிச் சிகிச்சை) கீழே படுக்க வைத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஊசி. ஒரு நர்ஸ் பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அழு, அழு, ஒரே ஒரு தடவை அழு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெற்ற பிள்ளை அழ வேண்டும் என்று வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மதியம் அந்த நர்ஸ் கூப்பிட்டார். "நைட்டி பட்டனைக் கழட்டிட்டு வாங்க. கொஞ்ச நேரம் நெஞ்சுல போட்டுக்கோங்க. உங்க சூடு அவளுக்கு வேணும்."

என்னால் நம்பவே முடியவில்லை. நான் நம்பியதெல்லாம் தப்பு என்று முடிவு கட்டியிருந்தேன். அவர்களோ அதையே மருந்தாக என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

தோலோடு தோலாக அவளைப் படுக்க வைத்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். விட்டு விட்டு வந்த அவள் மூச்சு சீரானது. மானிட்டரில் துள்ளிக்கொண்டிருந்த எண்கள் அடங்கின. நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் சாய்ந்திருந்தேன். அவள் வாசனைக்கே என் மார்பில் பால் சுரந்து நைட்டி நனைந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்த உடம்புக்கு? இத்தனை படித்தும் எனக்குத் தெரியாத ஒன்று என் தோலுக்குத் தெரிந்திருந்தது.

அவள் தலையை ஆட்டி ஆட்டித் தானாகவே கீழே நகர்ந்தாள். "இப்போ வாயை நல்லாத் திறக்கட்டும். இத்தனை நாள் காம்பை மட்டும் கவ்வியிருக்கா, அதான் பால் இறங்கல" என்று நர்ஸ் அவள் முகவாயைச் சற்று உள்ளே சேர்த்துவிட்டார். "காதைத் தீட்டிக் கேளுங்க." 'க்க்' என்று ஒரு சத்தம் வந்தது. விழுங்குகிறாள். அதற்கு முன் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கேட்காததை நான் கவனித்ததும் இல்லை.

மருத்துவமனைக்கு வந்த மூன்றாம் நாள் ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது அழுதாள். சாதாரண அழுகையா அது! வார்டே திரும்பிப் பார்த்தது. சரவணன் சுவரோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு நாளில் வீட்டுக்கு வந்தோம். முதல் வேலையாக வாட்ஸாப் குழுவில் நடந்ததை எழுதினேன். இதயங்கள் வரவில்லை. ஆனால் இரண்டு பேர் தனியே கூப்பிட்டு, "என் குழந்தையும் தூங்கிக்கிட்டே இருக்கு" என்றார்கள். இருவரையும் உடனே மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

மல்லிகா அக்கா வந்து பக்கெட்டைப் பார்த்தார். "யம்மா! ஒரே நாள்ல இம்மாந்துணியா? எவ தொவைக்கிறது?" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே துவைத்தார். கடைசித் துணிக்குக் கொடியில் இடமில்லை. அதை என் தோளில் போட்டுவிட்டு, "எண்ணிக்கினே இரு" என்று சொல்லிப் போனார்.

இப்போது பாப்பாவுக்கு எட்டு மாதம். காது கேட்கும் சோதனை, மூளை வளர்ச்சிச் சோதனை எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. அவளை இன்னும் நெஞ்சோடுதான் கட்டிக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் ஆனால் கடிகாரம் பார்க்காமலே என் உடம்பு சொல்லிவிடுகிறது. வாயில் அவ்வளவு தெம்பு வந்துவிட்டது அவளுக்கு, நான் மீட்டிங்கில் பேசினால் கூடவே கத்துகிறாள்.

நேற்றும் அப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே என் மடியில் சூடாக ஈரம் பரவியது. புடவை, நாற்காலி எல்லாம் போச்சு. மைக்கை அணைத்துவிட்டு, அந்தச் சூடு ஆறும்வரை எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.