வசந்தா காதில் விழுந்த பீப்

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸில் வசந்தாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொம்மனஹள்ளியில் எங்கள் கம்பெனி. வசந்தா அங்கே டைப்பிஸ்ட். டைப்பிங்கில் ஹையர் பாஸ். நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி வருவார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் சம்பளம்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு யூனிக்ஸ் வந்தது. கூடவே டைப் அடிக்க வி.ஐ. என்று ஒரு எடிட்டர் புரோகிராம். அதில் அடிக்கத் தெரிந்தால்தான் இனி வேலை என்றார் மேனேஜர்.

அந்த வி.ஐ. இருக்கிறதே... முதலில் 'ஐ' எழுத்தைத் தட்டினால்தான் எழுத விடும். மறந்தால்? தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் ஓர் உத்தரவு! ஒன்று வரியை அழிக்கும், இன்னொன்று எங்கோ தாவும். புரியாவிட்டால் 'பீப்' என்று கத்தும். நானே வெளியே வர வழி தெரியாமல் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள்தான்.

வியாழக்கிழமை எங்கள் எல்லோருக்கும் டெஸ்ட். பழைய கொட்டேஷன் ஒன்றில் இரண்டு பாரா சேர்க்க வேண்டும். வசந்தாவின் கண் காகிதத்திலேயே இருந்தது. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் பழக்குவார்கள் — தலை நிமிர்ந்தால் திட்டு விழும். முதல் பாராவை முடித்து சேவ் செய்தார். இரண்டாவதற்கு 'ஐ' தட்ட மறந்துவிட்டார்.

பீப் என்றது. என்டர் தட்டினார். மறுபடி பீப். மறுபடி என்டர். நிமிரவே இல்லை. முடித்து, சேவ் செய்துவிட்டுப் பார்த்தால்... பழைய வரிகள் சிலதைக் காணோம். அடித்த சொற்களில் ஓர் 'ஐ' வந்த பிறகுதான் எழுத்து பதிந்திருக்கிறது; புதிய பாரா தலையில்லாமல் வேறெங்கோ நடுவில் நுழைந்திருந்தது.

"ஏம்மா, மெஷின் அந்தக் கத்து கத்துதே, காதுல விழலையா?" என்றார் மேனேஜர்.

"விழுந்துச்சு சார். அதான் அடுத்த லைனுக்குப் போனேன்."

குபீரென்று சிரித்தார்கள் புதுப் பையன்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைப்ரைட்டரில் வரி முடியப் போகிறதென்றால் மணி அடிக்கும். மணி கேட்டால் அடுத்த வரி. வருஷக்கணக்காக அந்தக் கைக்கு அதுதான் பாடம்.

"ஒரு வாரம் டைம் கொடுங்க சார், நாங்க சேர்ந்து பழகிக்கறோம்" என்று எழுந்தேன்.

"எங்க மேடம் டைம்? ப்ராஜெக்ட் தலைக்கு மேல இருக்கு."

வசந்தா என் கையைப் பிடித்து இழுத்தார். "சும்னே இருங்க மேடம். உங்களுக்கும் போயிடப் போகுது."

ஒற்றை விரலால், ஸ்கிரீனை வெறித்துக்கொண்டே அடிக்கிற நான் பாஸ். அவர் ஃபெயில்! புதுசு வரவில்லை என்று ஒருவரை அனுப்புகிறோமே, பழசை அவர் எவ்வளவு நன்றாகப் படித்துவிட்டார் என்று யாராவது கேட்கிறோமா?

மறுநாள் ரிலீவிங் ஆர்டர் தயாராக வேண்டும். பிரிண்டர் மக்கர். டைப்ரைட்டரில் காகிதம் செருகக்கூடப் பையன்களுக்குத் தெரியாது. மேனேஜர் வசந்தாவையே கூப்பிட்டார். தன் ஆர்டரைத் தானே அடித்துக் கொடுத்தார் வசந்தா. ஒரு பிழை இல்லை.

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நீட்டா இருக்கும்மா."

பாவி மனுஷன், பாராட்டுகிறாராம்!