அந்த டப்பாவில் யாருடைய சளி?

“எச்சியப் பாத்து நோவு சொல்லிருவியாக்கும்? நீ என்ன, குறி சொல்ற கோடாங்கியா?”

நான் லேப் வேலையில் சேர்ந்த புதிதில் ஆத்தா என்னிடம் கேட்ட கேள்வி இது. ஆத்தா என்றால் என்னைப் பெற்றவள். எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் டிரெயினிங் எடுத்து, புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சளி, ரத்தம், சிறுநீர் — நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சாமான்கள்தான் என் பிழைப்பு. வெள்ளைக் கோட்டை நானே துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வேன். கொஞ்சம் கர்வம்தான். இருக்கக் கூடாதா என்ன?

ஒரே கஷ்டம், சாயத்தைச் சூடு பண்ணும்போது எழும் ஆவி. தொண்டையைக் கமறும். எனக்குக் கொஞ்ச நாளாகவே கமறல். வேலை அப்படி என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஆத்தாவின் இருமல் அப்படி விடக்கூடியதாக இல்லை.

மார்கழியில் ஆரம்பித்தது. பனி என்றார்கள். தை போயிற்று, மாசியும் போயிற்று — பனி போன பிறகும் இருமல் மட்டும் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு காந்தும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே சைக்கிளில் வரும் கம்பவுண்டர் ஓர் ஊசி போட்டார். இருமல் தணிந்தது. ஊசியை நிறுத்தினார்கள். இருமல் திரும்பி வந்தது. மறுபடி ஊசி.

“என்ன ஊசி மதினி?” என்று அண்ணன் மனைவியைக் கேட்டேன்.

“நல்ல ஊசிதான்” என்றாள் மதினி.

என்ன ஊசி என்று அவளுக்கும் தெரியவில்லை. மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் நின்றேன். “சார், ஆத்தாவுக்கு இருமலுக்கு மருந்து எழுதிக் குடுங்க.”

அவர் பேனாவைத் தொடவே இல்லை.

“இருமல் நோய் இல்லம்மா. நோய் அனுப்பி வச்ச ஆளு. யாரு அனுப்புனதுன்னு கேக்காம ஆளைப் போட்டு அடிக்கச் சொல்றியா? ஆஸ்துமாவா இருக்கலாம், ஈஸ்னோபீலியாவா இருக்கலாம், டி.பி.யாவும் இருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. டி.பி.க்கு அரைகுறையா ஊசி போட்டு நிறுத்துனா, அப்பறம் அந்த மருந்துக்கே கிருமி பயப்படாது. முதல்ல சளியக் கொண்டா.”

அவர் சொல்வது எனக்குத் தெரியாததா? கட்டுமாவடியிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா ஒருமுறை எங்கள் லேபுக்கு வந்தார். இருமல் என்றதும் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பெற்ற மகளே எட்ட நின்று பேசினாளாம். பரிசோதித்துப் பார்த்தால் டி.பி. இல்லை, யாருக்கும் ஒட்டாத ஈஸ்னோபீலியா! மாத்திரை சாப்பிட்டுக் குணமானதும் அந்த அம்மா செய்த முதல் வேலை, அந்தத் தட்டைத் தூக்கிக் கடலில் வீசியதுதான்.

இந்தக் கதையை ஆத்தாவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கடைசியில் டப்பாவை வாங்கிக்கொண்டாள். சளி எடுக்க நாங்கள் கொடுக்கும் சின்ன மெழுகுக் காகித டப்பா. காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் கூடாது. எல்லாம் விளக்கிச் சொன்னேன்.

அடுத்த வாரம் பஸ் ஏறி வந்து டப்பாவை நீட்டினாள். நின்று ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கவில்லை. “மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வாரேன்” என்று அதே பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

மூடியைத் திறந்தேன்.

சிவப்பு.

ரத்தமா? ரத்தம் வருகிற அளவுக்குப் போய்விட்டதா? எத்தனை பேருடைய டப்பாவை இப்படித் திறந்திருக்கிறேன்… எதையும் திறந்த வேகத்தில் மூடியதில்லை.

கண்ணாடித் துண்டில் தடவினேன். சாயம் ஊற்றினேன். சூடு காட்டினேன். டி.பி. கிருமி இருந்தால் நீலப் பின்னணியில் சிவப்புத் துரும்பு போலத் தெரியும். மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தேடினேன். இல்லவே இல்லை! கண்ணில் தண்ணீர் வந்து லென்ஸையே மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், வேறு ஏதோ தெரிந்தது. நார் நாராக… இலைத் துணுக்கு. பாக்குத் தூள்.

வெற்றிலை! டப்பாவில் இருந்தது ரத்தம் இல்லை, வெற்றிலைச் சாறு.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

அப்பா போன நாளிலிருந்து ஆத்தா வெற்றிலையைத் தொட்டதில்லை. எங்கள் பக்கம் தாலி இறங்கியவர்கள் தொட மாட்டார்கள். கல்யாண வீட்டில் தாம்பாளம் வந்தால்கூட ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படியானால் டப்பாவில் துப்பியது யார்?

“என்னம்மா, ரிசல்ட் என்ன?” — டாக்டர் வாசலில் நின்றார்.

‘நெகட்டிவ் சார்’ என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை. அந்தக் கண்ணாடித் துண்டில் கிருமி இல்லைதானே? வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொடும்பாளூர்ப் பக்கம், வாத்தியார். எல்லாம் நல்லபடியாக நடக்கும். ஆத்தா மட்டும் இருமிக்கொண்டே இருப்பாள்… எதுவரைக்கும்?

“சார், இது எங்க ஆத்தாவோட சளி இல்ல.”

அவர் கோபப்படவில்லை. “யாரோ ஒருத்தருக்கு நோய் இல்ல. ரொம்ப சந்தோஷம். இப்ப ஒங்க ஆத்தாவைக் கூட்டிட்டு வா” என்றார்.

மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போனேன். ஆத்தா முற்றத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மடியில் அண்ணன் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு எங்கேயும் தூக்கம் வராது. மதினி இங்கிட்டும் அங்கிட்டுமாகக் கடலை புடைக்கும் சுளகோடு நடந்துகொண்டிருந்தாள்.

“ஆத்தா, அந்த டப்பாவுல துப்புனது யாரு?”

“யாரு துப்புவா? நாந்தான்.”

“எப்பயிருந்து வெத்தலை போடுற?”

கடலை உடைக்கும் சத்தம் நின்றது. மதினி அடுப்படிப் பக்கம் நழுவப் பார்த்தாள்.

“மதினி, கொஞ்சம் வாயத் தொறங்க பாப்போம்.”

“ஏன், என் வாய்க்குள்ளயும் மிஷினை வைக்கப் போறியா?” என்றாள் மதினி. ராத்திரி வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கும் ஆள் அவள்.

“ஆமாடி, அவ எச்சிதான்!” என்று ஆத்தா வெடித்தாள். “வீட்டுல அவளுக்குத்தான் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. ஒரு தும்மல் தும்மி நீ பாத்திருக்கியா? நல்ல சேதி வரணும்னுதான் அவளைத் துப்பச் சொன்னேன். வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு. மதினிக்கு வந்துச்சு.”

பரீட்சைக்குக் கெட்டிக்காரப் பிள்ளையை மாற்றி அனுப்பிய கதைதான். பாஸ் மார்க் அவளுக்கு, இருமல் ஆத்தாவுக்கு!

ஆத்தாவின் குரல் இறங்கியது. “படிச்ச புள்ளைன்னு ஒன்னையத் தேடி வந்திருக்காங்க. எளப்பு நோய்க்காரி மகளுன்னு தெரிஞ்சா வாசல மிதிப்பாங்களா? ஒன் கழுத்துல மூணு முடிச்சு விழட்டும். மறுநாளே நானா வந்து ஒன் டப்பா நெறையத் துப்புறேன். போதுமா?”

சொல்லி முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். உடம்பே குலுங்கியது. மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு, அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்தான்.

“வைகாசி வரைக்கும் இவன் இப்படியே ஒன் மடியிலயே தூங்கட்டுமா ஆத்தா?” என்றேன்.

மதினி சுளகைக் கீழே வைத்தாள். மெள்ள வந்து, குனிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். ஆத்தா முகத்தை அவள் பார்க்கவில்லை. பிள்ளை பாட்டி பக்கம் கையை நீட்டி அழுதான். அவள் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஆத்தா தன் மடியைப் பார்த்தாள். அதில் கடலைத் தொலி மட்டும் கிடந்தது.

“காலையில மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

மறுநாள் லேபுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், என் கண் முன்னால், ஆத்தா இருமித் துப்பினாள். அதில் சிவப்பே இல்லை. வெளுத்த, கெட்டியான சளி. பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தது தெரியுமா? முதல் நாள் டப்பாவில் பயங்கரமாகத் தெரிந்தது வெறும் வெற்றிலை. இன்று டப்பாவில் ஒன்றுமே தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன் — தேட வேண்டியே இருக்கவில்லை. நீலத்தில் சிவப்புத் துரும்புகள், கூட்டம் கூட்டமாக.

என் கண்ணை நான் நம்பவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருக்கும்மா” என்றார்.

என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. வீட்டிலிருந்தே சாப்பிடலாம், உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து. இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். இத்தனையும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கேட்டுவிட்டு ஆத்தா என் பக்கம் திரும்பினாள்.

“எச்சியப் பாத்துச் சொல்லிட்டியேடி” என்றாள்.

பாராட்டா, திட்டா? இதுவரை எனக்குப் புரியவில்லை.

லேபில் உட்கார்ந்து ஒன்று கவனித்திருக்கிறேன். நமக்கு ஊசி வேண்டும், மருந்து வேண்டும், கலர் கலராக மிக்ஸர் வேண்டும். என்ன நோய் என்பது மட்டும் வேண்டாம்! தெரியாத நோய்க்குத் தெரியாத ஊசி போட்டுக்கொள்ளத் துணிச்சல் இருக்கிறது. ஒரு சின்ன டப்பாவில் துப்பத்தான் துணிச்சல் இல்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று ஆத்தாவிடம் கேட்டேன். மாத்திரையை முழுங்க முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்: “எழுதுறதுதான் எழுதுற, ஒன் மதினி ராவெல்லாம் வெத்தலை மெல்றதையும் சேத்து எழுது.” எழுதிவிட்டேன். கொடும்பாளூர் மாப்பிள்ளை வீட்டிலும் வாரா வாரம் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்களாம். படிக்கட்டும். படித்துவிட்டு என்ன முடிவு செய்கிறார்களோ செய்யட்டும்.

எனக்கு இப்போது அந்தப் பயம் பின்னால் போய்விட்டது. முன்னால் வேறொன்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போய் ஆத்தாவின் பாயில் ஒட்டிப் படுத்துவிட்டு வந்தவள் நான். என் தொண்டைக் கமறல் சாய ஆவியால்தான் வருகிறது என்று யார் சொன்னது? நானேதான் சொல்லிக்கொண்டேன். எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தேன்?

உன் ஸ்லைடை நீ பார்க்காதே, நான் பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை என் பெயர் எழுதிய டப்பாவை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே இருப்பது என்னுடையதுதான்.