பழவேற்காட்டில் ஒரு குளியல்

டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்பது என் கணவருக்கு வெகுநாள் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே கிளம்பினோம். மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியாரும் வந்தார். மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ்.

கல்லறையின் வாசலில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. நான் சற்றுத் தயங்கினேன். அத்தை கிட்டே போய் ஒன்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம், சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ!" என்றார். உள்ளேயும் ஒரு கல்லை விடவில்லை. எழுத்துகளை விரலால் தடவினார், பூவேலையைப் பாராட்டினார், இப்படிக் கல் செதுக்க இப்போது ஆள் ஏது என்று அலுத்துக்கொண்டார். ஒரு கல்லின் மேல் உட்காரப் போனவரை நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

சிக்கல் வெளியே வந்த பிறகுதான் தொடங்கியது. "வாங்க, பஸ் போயிடும்" என்றார் கணவர். அத்தை அசையவில்லை.

"குளிக்காம எப்படிடா பஸ்ல ஏறுறது?"

"எதுக்கும்மா குளிக்கணும்?"

"எங்க போயிட்டு வந்திருக்கோம்? இப்படியே ஏறி நாலு பேரைத் தொடச் சொல்றியா?"

"அம்மா, இவங்க செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தீட்டெல்லாம் எப்பவோ போயிருக்கும்."

"அதை யாரு வந்து உன்கிட்ட சொன்னா?"

ஏரியில் காலை நனைத்துக்கொள்ளலாமே என்றேன் நான். தலை நனைய வேண்டும் என்றார் அத்தை. மூவரும் வெயிலில் நடுத்தெருவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் இறால் உரித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னா பெரிம்மா, குளிக்கணுமா? அதுக்கா ரோட்ல நின்னு சண்ட போடற? வா, நம்ம வூட்ல குளி."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

"இன்னா சிரமம்? தண்ணி ஊத்திக்கினு போ."

அத்தை அதற்குமேல் உபசாரம் எதிர்பார்க்கவில்லை, பின்னாலேயே போய்விட்டார். நாங்களும் போனோம். அந்த அக்காவின் கணவர் உள்ளே வலையைப் பரப்பி வைத்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. விஷயத்தை மனைவி சொன்னதும், "அப்ப மூணு பேரும் குளிச்சுட வேண்டிதானே? ஒருத்தர் மட்டும் குளிச்சா இன்னா பிரயோசனம்?" என்றார். அத்தைக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

மாற்றுத்துணி கொண்டுவரவில்லை என்பது அத்தைக்குக் குளித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த அக்கா கதவிடுக்கு வழியாக ஒரு நைட்டியை நீட்டினாள். மஞ்சளில் பெரிய பெரிய ஊதாப்பூ. வாழ்நாளில் புடவை தவிர எதையும் உடுத்தாதவர் அத்தை. கடைசியில் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "யாரும் சிரிக்கக் கூடாது" என்றார். சிரித்தது அவர் மகன் மட்டும்தான். அதற்கான தண்டனை உடனே கிடைத்தது. அவருக்குத் தந்த லுங்கி அந்த வீட்டுப் பையனுடையது, முழங்காலோடு நின்றுவிட்டது.

நானும் குளித்துவிட்டு அந்த அக்காவின் இன்னொரு நைட்டியில் பின்பக்கம் வந்தேன். எங்கள் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் குடங்களோடு வந்து, நாங்கள் காலி செய்திருந்த நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் லாரியில்தான் வருமாம். கிணற்றில் எடுத்தால் உப்பு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க மாமியா குளிக்காம போயிருக்கும். அப்பறம் ராவெல்லாம் எனுக்குத் தூக்கம் வராது."

கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் இரண்டு குடங்களை வாங்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் புறப்பட்டார். அங்கே யார் வீட்டிலோ தண்ணீர் கூடுதலாக இருந்ததாம். குட்டை லுங்கியோடு குடத்தைத் தோளில் சுமந்து அவர் திரும்பியபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "சார், இன்னோர் நடை!" என்று ஒரு அம்மா கூப்பிட்டாள். அவரும் சளைக்காமல் மறுபடி போனார்.

துணி காய்வதற்குள் சோறு தயாராகிவிட்டது. இறால் தொக்கும் சுடச்சுடச் சோறும். வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் என் தட்டில் இரண்டாம் கரண்டி விழுந்திருந்தது. சாப்பிடும்போது அந்த அக்கா கேட்டாள்:

"ஆமா, உள்ள இன்னாதான் கீது? எல்லாம் வந்து வந்து பாக்கறாங்க. நான் இங்கியே பொறந்து வளந்தவ, ஒரு தபாகூட உள்ள போனதில்ல."

"அய்யய்யோ, அவ்வளவு அழகா இருக்கு! எந்திரி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை எச்சில் கையோடு எழுந்தேவிட்டார்.

"அம்மா," என்றார் கணவர் மெதுவாக, "போனா திரும்பக் குளிக்கணும்."

அத்தை டிரம்மைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, இருந்த இடத்திலிருந்தே எலும்புக்கூடு முதல் கடைசிக் கல் வரை எல்லாவற்றையும் விவரித்தார். அவர் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் துணி முழுக்கக் காய்ந்துவிட்டது.

கிளம்பும்போது அத்தை நைட்டியை மடித்து நீட்டினார். அந்த அக்கா அதை ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே திணித்தாள். "நீயே வெச்சுக்கோ பெரிம்மா. உனுக்கு நல்லாத்தான் கீது." அத்தை இரண்டு முறை மறுத்தார், மூன்றாவது முறை பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மதுரையில் இப்போது ராத்திரியானால் அத்தைக்கு அந்த நைட்டிதானாம். துண்டையும் எப்போதோ விட்டுவிட்டாராம். என் நாத்தனார் போனில் சொன்னாள், இன்னும் நம்ப முடியாத குரலில்.