மதலேன் அம்மா தேடிய கல்லறை

இன்று கல்லறைத் திருநாள். மயிலாப்பூரில் கல்லறைத் தோட்டத்து வாசலில் மதலேன் அம்மாவைப் பார்த்தேன். கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி.

என் நாவலின் நாயகன் இவருடைய அப்பா. 1930களின் கடைசியில் கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. அப்போது இவர் கைக்குழந்தை. உடல் கிடைக்காததால், வருஷாவருஷம் சாந்தோம் கடற்கரை மணலில்தான் மெழுகுவர்த்தி வைப்பார்.

நாவலில் நான் அந்த மனிதரைச் சாகவிடவில்லை. கரை ஒதுங்கி, பெயரை மாற்றிக்கொண்டு, திருவல்லிக்கேணியில் பல காலம் வாழ்ந்து, இதே தோட்டத்தில் அடக்கமாகிறார்.

“மருமவ படிச்சுக் காட்னா நைனா. காலைலேர்ந்து தேடிகினு கீறேன். எங்கப்பாரு கல்லறை எந்த வரிசைல கீது?”

“அது நானா எழுதினதும்மா.”

“பழைய பேப்பர்லாம் பாத்து எழுதினேன்னு போட்டுகீறியே?”

முன்னுரையில் போட்டிருந்தேன்தான்.

“அப்போ, இம்மாங் கிட்ட இருந்துகினு அவரு எங்கள வுட்டுட்டுப் போவலியே?”

“இல்லம்மா. கடல்லதான் போயிட்டாரு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெழுகுவர்த்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

வரலாற்று நாவலில் கற்பனைக்குத் தடையே கூடாது என்று போன வாரம்தான் மேடையில் முழங்கினேன். அன்று கைதட்டியவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்: அடுத்த பதிப்பில் அந்த மனிதரை எங்கே சாகவிடட்டும்?