அண்ணி எண்ணிய துடிப்பு

எங்கள் அண்ணிக்குக் கால் தரையில் பாவாது. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். தடை தாண்டும் குதிரைகளை வளர்க்கும் ஒரு லாயத்தில், கல்யாணமாகி வந்ததிலிருந்து குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்கு அங்கேயே தீவனக் கிடங்கில் வேலை. குதிரைகளை ஏற்றிப்போகும் லாரி என் பொறுப்பு. ஆக, வீட்டில் பேச்சு என்றால் சாணத்தில் ஆரம்பித்துக் குளம்பில் முடியும்.

அண்ணியின் செல்லம் ராங்கி. தடவ வருகிறவர் கையைக் கடித்து வைக்கும் பெண் குதிரைக்கு வேறென்ன பெயர் வைப்பது?

தடை தாண்டும் ஓட்டம் வெளியே பார்க்க ஒரு நிமிஷக் கூத்து, உள்ளே நடப்பதுதான் பெரிய ரகளை என்பார் அண்ணி. கேட்காவிட்டாலும் சொல்வார். பாய்ந்து ஓடும்போது ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு. தடைக்கு மேலே அந்தரத்தில் அந்த மூச்சும் நின்றுவிடும். மண்ணீரல் பதுக்கி வைத்திருக்கும் ரத்தத்தையெல்லாம் பிழிந்து அனுப்பும். இதயம் ஐந்தாறு மடங்கு வேகமாக அடிக்கும். தசைகளில் அமிலம் சேரும். ஓடி வந்ததும் கட்டிப்போடாமல் மெல்ல நடத்தினால் அது சீக்கிரம் வடியும். நன்றாகப் பழக்கிய குதிரைக்குக் கொஞ்ச நேரத்திலேயே துடிப்பு அறுபதுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே ஏதோ கோளாறு.

இரண்டு நாள் போட்டி ஒன்றின் முதல் நாள் ராங்கி ஒரு கட்டையைக்கூடத் தட்டவில்லை. மறுநாள் இறுதிச் சுற்று. அதில் இறங்காவிட்டால் விற்றுவிடுவேன் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அண்ணி ராங்கியை நடத்திக் கூட்டிவந்து, தாடையோரம் கை வைத்து எண்ணினார். நூற்றுப் பத்து. குட்டி போட்ட பூனை மாதிரி லாயத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமாக அலைந்துவிட்டு மறுபடி எண்ணினார். சாயங்காலம் வரை இறங்கவே இல்லை. ராங்கி பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்தது.

அண்ணன் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னான். போட்டிக் குதிரைகளைச் சோதிக்கும் டாக்டர் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போயிற்று என்றான். அண்ணிக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. என்னிடம் வந்து நின்றார்.

"வாயத் தெறந்தா அவ இங்க இருக்க மாட்டா, தம்பி. தெறக்கலன்னா எங்கயுமே இருக்க மாட்டா."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் அவரே டாக்டரைக் கூட்டிவந்தார்.

குதிரை டாக்டர் ராங்கியின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முப்பத்தெட்டு. மறுபடி கேட்டார். அதேதான். அண்ணியை எண்ணிக் காட்டச் சொன்னார். முந்தின நாள் லாயக் கதவில் நசுங்கி அண்ணியின் விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அதனால் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"கட்டைவிரல்ல உங்க நாடியே அடிக்கும்மா. நீங்க எண்ணினது உங்களோடது."

இது தெரியாதவரல்ல அண்ணி. பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அசட்டுச் சிரிப்போடு ராங்கியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, நாளைக்கு ஓடலாம்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தாராளமாக ஓடலாம் என்றார் டாக்டர். எனக்கும் போன உயிர் வந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்கும்போதே நூற்றுக்கு மேல், அதுவும் இடையிடையே தப்பித் தப்பி. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"தெரியல டாக்டர். என்னோடத யாரு எண்ணிப் பாத்தா?"

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். வேறு வண்டி இல்லை, லாரியில்தான் ஏற்றினேன். நடுவில் அண்ணி, ஓரத்தில் அண்ணன். வழி நெடுக அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராங்கிக்குத் தண்ணீர் மாற்றவில்லையாம், போர்வை போர்த்தவில்லையாம், வண்டியைத் திருப்ப வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரமென்ன, பயம்தான்.

"பேசாம உக்காருங்க அண்ணி" என்று கத்திவிட்டேன். அண்ணியிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

அண்ணன் என்னை அதட்டுவான் என்று நினைத்தேன். அவன் நிமிரவே இல்லை. அண்ணியின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தான். நடுவில் எங்கோ விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.